சகலைகள் ஏறிய இரண்டு மலைகள்

ஒரு காட்டில், அதுவும் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் காட்டில், வேதகிரி என்ற காட்டுப்பன்றி இருந்தார். அவருக்கு இரண்டு பெண்கள், ஆகவே இரண்டு மாப்பிள்ளைகள். பெரியவன் தணிகாசலம், சின்னவன் குபேந்திரன். விருந்தில் முதல் கிழங்கு யாருக்கு என்பதில்தான் அந்த வீட்டு மானமே இருந்தது. முறைப்படி அது மூத்தவனுக்குப் போக வேண்டும். ஆனால் குபேந்திரன் பேச்சில் கெட்டிக்காரன், செல்ஃபி எடுப்பதில் அதைவிடக் கெட்டிக்காரன். கிழங்கு கொஞ்சம் கொஞ்சமாக அவன் பக்கம் உருள ஆரம்பித்திருந்தது. இதைப் பார்த்துத் தணிகாசலத்தின் மனைவி மரகதவல்லி உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள்.

காட்டின் பின்னால் இரண்டு பனிமலைகள் இருந்தன. நம் ஊர்ப் பக்கம் பனிமலை ஏது என்று கேட்பவர்கள், பன்றி செல்ஃபி எடுத்ததை மட்டும் எப்படி நம்பினார்களோ தெரியவில்லை. அந்த வருடம் மலையேற்றம் காட்டில் ஒரு காய்ச்சலாகப் பரவியிருந்தது. முயல்கூட முதுகுப்பை வாங்கிவிட்டது. வேதகிரிக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது.

"ஆளுக்கொரு மலை ஏறிட்டு வாங்க மாப்ளே. யாரு கஷ்டமான மலை ஏறுறாரோ, இனிமே அவருக்குத்தான் முதல் கிழங்கு. தினம் தினம் இந்தப் பஞ்சாயத்து என்னால ஆகாது" என்றார்.

அடிவாரத்தில் மலையேற்றக் குழு பலகை நட்டிருந்தது. இடது பக்க மலையில் 'சுலபம்' என்று எழுதியிருந்தது. வலது பக்க மலையில் 'மிகக் கடினம்'.

"நீங்க பெரியவரு சகலை. நீங்களே முதல்ல எடுத்துக்குங்க" என்றான் குபேந்திரன், பணிவாக. மரகதவல்லியும் கூட வருகிறாள், அவளுக்கு மூட்டுவலி என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

"என்னங்க, கடினத்துக்கே போவோம். நான் பல்லைக் கடிச்சிக்கிட்டு ஏறிடுவேன்" என்றாள் மரகதவல்லி.

"கிழங்கு போனா போகுது. உன் முட்டி போனா யாரு வாங்கித் தருவா?" என்று சொல்லிவிட்டுத் தணிகாசலம் இடது பக்கம் திரும்பினான். நல்ல புருஷன்தான். ஆனால் பலகையை நம்புகிறவன்.

முதலில் புல் இருந்தது. பிறகு பாறை. பிறகு பாதையே இல்லை, ஒரு குளம்பு மட்டும் வைக்கிற அளவுக்குப் பாறையில் ஒரு விளிம்பு இருந்தது. கீழே மேகம் போய்க்கொண்டிருந்தது. முட்டி மடங்காமல் மரகதவல்லி அப்படியே பாறையில் ஒட்டிக்கொண்டு அழுதாள். தணிகாசலம் அவளைப் பின்னாலிருந்து மூக்கால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, வாயில் வந்த சாமியை எல்லாம் கூப்பிட்டான். செல்போன் நழுவிக் கீழே போனது. விழுந்த சத்தம் கடைசிவரை கேட்கவே இல்லை.

அப்போது செங்குத்தான பாறையில் நின்று ஒரு வரையாடு எதையோ மென்றுகொண்டிருந்தது.

"காத்து வாங்குறீங்களா?" என்று கேட்டது.

"சுலபம்னு போட்டிருந்தாங்களேய்யா!" என்று அலறினான் தணிகாசலம்.

"குழுவுக்காக நான்தான் ஏறிப் பார்த்துப் போட்டேன். சுலபம்தானே? என் பேத்தி பொறந்த மறுநாளே இதுல ஓடினா."

"அப்ப அந்த இன்னொரு மலை?"

"ஐயோ, அது ரொம்பக் கஷ்டம். அதை ஆமைதான் ஏறிப் பார்த்துப் பலகை எழுதுச்சு. போயி வர்றதுக்குள்ள ரெண்டு மழைக்காலம் போயிடுச்சாம், பாவம்."

இறங்குவதைவிட ஏறுவது பக்கம் என்று ஆடு சொன்னதால் இருவரும் ஏறினார்கள். உச்சியில் பனிமேல் நின்றபோது மரகதவல்லிக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கப்பா இதைப் பார்க்கணும்" என்று விம்மினாள். படம் எடுக்கப் போன் இல்லை.

அவர்கள் நொண்டிக்கொண்டு வீடு வந்தபோது குபேந்திரன் தூங்கி எழுந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். வண்டிப்பாதை போன்ற சரிவில் உச்சிவரை நடந்து போய் வந்து, அடிவாரத்து 'மிகக் கடினம்' பலகை பக்கத்தில் பல்லைக் காட்டிப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். மாமனார் பொன்னாடை போர்த்தி, முதல் கிழங்கை அவன் முன் வைத்தார். தணிகாசலம் நடந்ததைச் சொன்னான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"சுலபத்துக்கே இப்படி மூச்சு வாங்குனா எப்படி மாப்ளே?" என்றார் வேதகிரி.

மரகதவல்லி கணவனின் காலை மெல்ல மிதித்தாள்.

"இவரு சும்மா சொல்றாருப்பா. அது புல்தரையில நடக்குற மாதிரிதான்" என்றாள் அவள். "கடினத்தையே முடிச்சவருக்கு அதெல்லாம் ஒரு மலையா? காலையில பல்லு விளக்குறதுக்குள்ள ஏறி இறங்கிடுவாரு தங்கச்சி வீட்டுக்காரரு."

அத்தனை பேரும் குபேந்திரனைப் பார்த்தார்கள். பொன்னாடை போர்த்தியிருப்பவன் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? மறுநாள் விடிந்ததும் கிளம்பினான்.

இருட்டியபிறகு வந்தான். ஒரு பக்க மயிர் முழுக்கப் போயிருந்தது. ஒரு தந்தம் பாதிதான் இருந்தது. குரல் ஆட்டுக்குட்டி குரலாகிவிட்டது. கடினம் என்று சொன்னால் கிழங்கு அந்த நிமிடமே சகலைக்குப் போய்விடும். அது அவனுக்குத் தெரியும்.

"எப்படி இருந்துச்சு மாப்ளே?" என்று கேட்டார் வேதகிரி.

"ரொம்ப சுலபம் மாமா. நீங்களே போகலாம்" என்றான் குபேந்திரன்.

கிழவர் முகம் மலர்ந்துவிட்டது. மறுநாள் காலையில் கம்பளிக் குல்லாய் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மரகதவல்லி ஓடிப்போய் வழியை மறித்தாள்.

"அப்பா, வேணாம்ப்பா! நான் பொய் சொன்னேன். அது மலையே இல்ல, எமன் வீட்டு வாசல்!" என்று கதறினாள்.

"அப்பா மேல எவ்ளோ பாசம் பாரு, அதுக்காகப் பொய்யெல்லாம் சொல்றா" என்று வேதகிரி மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு இடது பக்க மலையை நோக்கி நடந்தார்.

நீதி: மலை சுலபமா கடினமா என்று ஏறி இறங்கியவரிடம் கேட்காதே. ஏறாதவரிடம் கேள், பொய் சொல்ல அவருக்குத்தான் காரணம் கிடையாது.