சீட்டிவாலா குக்கரில் வைத்த கஞ்சி

அந்தமான் நிக்கோபார் தீவுகள் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், வீட்டில் பிரஷர் குக்கர் வைத்துக்கொண்டு அதில் சோறு மட்டும் வைக்காத ஆள் ஒருவர்தான் அகப்படுவார். நான் கிளார்க்காக இருந்த சின்ன டிஸ்பென்ஸரியின் கம்பவுண்டர் அவர். விசிலுக்கு இந்தியில் சீட்டி. அதனால் வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் எல்லோருக்கும் அவர் சீட்டிவாலா. எந்தத் தீவு என்று சொல்லமாட்டேன். சொன்னால் என்னை அடையாளம் கண்டுகொள்வார்கள், எனக்குத்தான் அவமானம்.

கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. தாய் தகப்பன் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கல்யாணம் ஆகவில்லை. மூன்று வேளையும் கப்பல் ஜெட்டி பக்கத்து வங்காளி ஹோட்டலில் மீனும் சோறும். "அப்புறம் எதுக்குய்யா குக்கர்?" என்று கேட்டால், "சோறு வச்சா அது வெறும் குக்கராவே போயிரும் சார்" என்பார்.

போகவிடவில்லை அவர். வெந்நீர் நிரப்பிய குக்கரைச் சட்டை மேல் இழுத்து இஸ்திரி போடுவார். அந்த ஊரில் கலெக்டர் மாதிரி நடமாடியது அவர் ஒருவர்தான். ஜலதோஷம் என்று யார் வந்தாலும் வெயிட்டைக் கழற்றி ரப்பர் குழாய் மாட்டி, போர்வைக்குள் ஆவி கொடுப்பார். ஒருமுறை தெலுங்கு போஸ்ட்மேன் அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது, அவர் வீட்டு நாயே அவரைப் பார்த்துக் குரைத்தது.

மழைக்காலத்தில் அங்கே உப்பு தண்ணீராகும், தீப்பெட்டி களியாகும். எனவே உப்பு, தீப்பெட்டி, சர்ட்டிபிகேட் எல்லாம் குக்கருக்குள்தான். காஸ்கெட் இருக்கிறதே, ஈரம் எப்படிப் போகும்? ஒருநாள் பத்தாம் வகுப்பு சர்ட்டிபிகேட்டை எடுக்க மறந்து அடுப்பில் ஏற்றிவிட்டார். கிருமியும் போயிற்று, மார்க்கும் போயிற்று. நிரந்தர வேலைக்கு ஒவ்வொரு முறை மனு போடும்போதும் ஒரிஜினல் எங்கே என்று கேட்பார்கள். நகல் வாங்க மெயின்லேண்டுக்குப் போ, வா என்று அலையவிட்டார்கள். கடைசிவரை அவர் வருஷா வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்த ஊழியர்தான். மார்ச் மாதம் வந்தால் மனிதருக்குச் சாப்பாடு இறங்காது.

இந்த லட்சணத்தில் டிஸ்பென்ஸரியில் கத்தரிக்கோல், ஊசி, பஞ்சுத் துணியெல்லாம் அவித்து எடுக்கும் மெஷின் படுத்துக்கொண்டது. உதிரி பாகம் கப்பலில் வரவேண்டும். மூன்று கடிதம் போட்டேன். மூன்றுக்கும் 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று பதில் வந்தது. உதிரி வரவில்லை. சீட்டிவாலா யாரிடமும் கேட்காமல் தன் குக்கரைக் கொண்டுவந்து வைத்தார். விசில் வந்ததும் தீயைத் தணித்து முழுசாக அரை மணி நேரம். மணிக்கூண்டு தப்பினாலும் அவர் கணக்குத் தப்பாது. மெஷின் படுத்திருந்த அந்த ஒன்பது மாதத்தில் ஒருத்தர் புண்ணும் சீழ் பிடிக்கவில்லை.

என் மகள் கயலுக்கு அப்போது ஏழு வயது. என் மனைவி தன் தங்கையின் பிரசவத்துக்காக மெயின்லேண்டில் இருந்தாள். கடற்கரையில் துருப்பிடித்த தகரம் கயலின் பாதத்தைக் கிழித்துவிட்டது. கடல் கொந்தளிப்பு, ஒரு வாரமாகக் கப்பல் இல்லை. டாக்டர் போர்ட் பிளேரில் மாட்டிக்கொண்டார். சீட்டிவாலாதான் குக்கரிலிருந்து ஊசியை எடுத்து ஐந்து தையல் போட்டார். "பாப்பா, என் சட்டையப் பாரு, எவ்வளவு டக்கரா இருக்கு, பாத்துக்கிட்டே இரு" என்று சொல்லிக்கொண்டே தைத்தார். நான் வாசலில் நின்று அழுதேன்.

அன்று சாயங்காலம் குழந்தைக்குக் காய்ச்சல். டிஸ்பென்ஸரியிலேயே படுக்கவைத்திருந்தோம். கஞ்சி கேட்டாள். கப்பல் வராததால் எங்கள் வீட்டில் காஸ் தீர்ந்திருந்தது. சீட்டிவாலா குக்கரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒரு கொள்கை வச்சிருந்தேன் சார். போவுது, பாப்பாதானே" என்று தேய்த்துக் கழுவிக் கஞ்சி வைத்தார். கயல் இரண்டு டம்ளர் குடித்தாள்.

பிப்ரவரியில் போர்ட் பிளேரிலிருந்து ஓர் அதிகாரி இன்ஸ்பெக்‌ஷன் வந்தார். டிரஸ்ஸிங் ரூமில் விசில் கேட்டது.

"க்யா பக் ரஹா ஹை?" என்ன சமையல் என்கிறார்.

"கத்தரிக்கோல், சாப்" என்றார் சீட்டிவாலா, சட்டைக் காலரை நீவிக்கொண்டு.

அதிகாரி குக்கரை நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்தார். மறு வாரம் மெமோ வந்தது. கேள்வி ஒன்றுதான்: மேற்படி குக்கர் எப்போதேனும் சமையலுக்குப் பயன்பட்டதா? ஆம் என்றால் அவர் ஒப்பந்தம் போச்சு. சாட்சி சொல்லவேண்டியவன் நான். அதிகாரி போனில் சொன்னார்: "ஆப்கா மெயின்லேண்ட் டிரான்ஸ்பர் ஃபைல் மேரே டேபிள் பர் ஹை. ஸச் லிக்கோ, பஸ்." நான் கேட்டிருந்த மாற்றல் ஃபைல் அவர் மேஜையில் இருக்கிறதாம்; உண்மையை எழுது, போதும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் நினைத்தேன்; நினைத்து எழுத்திலும் போட்டேன். 'ஒருமுறை கஞ்சி வைக்கப்பட்டது.' யாருக்கு என்று எழுதவில்லை. அரிச்சந்திரனுக்குக்கூட அவ்வளவு சிக்கனமாக உண்மை பேச வந்திருக்காது.

ஒரே தபால் பையில் இரண்டு உத்தரவும் வந்தன. எனக்கு டிரான்ஸ்பர். அவருக்கு ஒப்பந்தம் நீட்டிப்பு இல்லை. உதிரி பாகம் மட்டும் வரவில்லை.

அவர் புறப்பட்ட அன்று ஜெட்டிக்குப் போனேன். பெட்டி, பாய், குக்கர். சட்டை அன்றும் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

"தெரியும் சார். எழுதுனதோட நகல் எனக்கும் குடுத்தாங்களே. கச்சாலுக்கே போறேன், தோட்டத்துல எதாச்சும் கெடைக்கும்." பெட்டியைத் தூக்கினார். பிறகு கீழே வைத்தார். "ஆனா நீங்க எழுதுனதுல ஒரு தப்பு இருக்கு சார்."

"என்ன தப்பு?" என்றேன்.

"ஒருக்கா வச்சேன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டுவாட்டி வச்சேன். மறுநா காலையில நீங்க போஸ்ட் ஆபீஸ் போன பொறவு பாப்பா மறுபடியும் கேட்டுச்சு. நீங்க சங்கடப்படுவீங்கன்னு சொல்லல."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனிதர் திட்டாமல் கப்பலேறிவிட்டார்.

இப்போது நாங்கள் மெயின்லேண்டில்தான் இருக்கிறோம், சௌகரியமாக. கயல் கல்லூரிக்குப் போகிறாள். செருப்பைக் கழற்றும்போது பாதத்துத் தழும்பைப் பார்த்து யாராவது கேட்டால், "எங்க சீட்டி மாமா தச்சது" என்கிறாள். 'எங்க' என்று சொல்ல அவளுக்குப் பாத்தியதை உண்டு. எனக்குக் கிடையாது, நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் மனசுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்: எங்கள் சீட்டிவாலா.