அகர் அண்ணன் பாஸ் போட்ட படிப்பு

நிம்மதியாக இருக்கிற மனிதனை ஒரே வார்த்தையில் கலங்கடிக்கக்கூடியவர் போர்ட் பிளேயரில் ஒருவர்தான் இருந்தார். குட்வில் எஸ்டேட் ஏரியாவில் குடியிருந்த அகர் அண்ணன். இந்தியில் ‘அகர்’ என்றால் ‘ஒருவேளை அப்படி ஆகிவிட்டால்’ என்று அர்த்தம். அவர் வாயைத் திறந்தால் முதலில் வருவது அதுதான். வீட்டில் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

ஒரு ஹோட்டலில் ஸ்டோர் கீப்பர் வேலை. வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு எல்லாம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். அவர் நோட்டில் ஒவ்வொரு சாமானுக்கும் மூன்று பத்தி இருக்கும்: கப்பல் வந்தால், லேட்டாக வந்தால், வராவிட்டால். சுனாமிக்குப் பிறகுதான் மனுஷன் இப்படி ஆகிவிட்டார் என்று ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் பரிதாபப்படுவார்கள். அதெல்லாம் இல்லை. அவர் கல்யாணம் சுனாமிக்கு முந்தியது. வடக்குக் கோடியில் இருக்கும் திக்லிபூரிலிருந்து பெண் வீட்டார் பஸ்ஸில் வரவேண்டும். இவர் மணவறையில் உட்கார்ந்துகொண்டு, “அகர் பஸ் வரலைன்னா அடுத்த முகூர்த்தம் எப்ப சாமி?” என்று ஐயரிடம் கேட்டிருக்கிறார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. கேட்டது யாரோ சொல்லிப் பெண்ணின் காதிலும் விழுந்துவிட்டது. அண்ணி இன்றுவரை மன்னிக்கவில்லை.

என் ஆட்டோவில் ஏறுமுன் ஸ்டெப்னியைத் தட்டிப் பார்ப்பார். நான் ஏற்கெனவே எதற்கும் பயப்படுகிறவன். அவர் பின்னால் உட்கார்ந்திருந்தால் மேடு வரும்போதெல்லாம் பிரேக்கை ஒரு தடவை மிதித்துப் பார்த்துக்கொள்வேன்.

அப்படிப்பட்டவரை நானே தேடிப் போகும்படி ஆயிற்று. என் தங்கை செல்வி பி.காம். முடித்துவிட்டு ஒரு மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஃபைனான்ஸ் வேலைக்குப் போகவேண்டும் என்று ஆசை. ஆன்லைனில் ‘ஃபைனான்ஷியல் மாடலிங்’ கோர்ஸ் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். ஒரு கம்பெனி வரப்போகிற ஐந்து வருஷத்தில் எப்படி நடக்கும் என்று எக்ஸெலில் முன்கூட்டியே போட்டுக் காட்டுகிற படிப்பு என்றாள். நாளைக்கு ஹேவ்லாக் தீவுக்கு போட் போகுமா என்றே தெரியாத ஊரில் ஐந்து வருஷமா என்று கேட்டேன். ஃபீஸுக்கு இருந்தது என் ஆட்டோ இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கச் சேர்த்து வைத்த பணம். பிடிக்காவிட்டால் ஏழு நாளுக்குள் சொன்னால் திருப்பித் தருவார்களாம். அப்புறம் கிடையாது. எட்டாவதோடு நின்றவன் நான். படிப்பு நல்லதா கெட்டதா என்று எதை வைத்துப் பார்ப்பேன்?

கோர்ஸைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டதும், அகர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு என்னுடனும் செல்வியுடனும் பிரவுசிங் சென்டருக்கு வந்தார். அப்போதெல்லாம் எங்கள் தீவில் இருபது நிமிஷ வீடியோ வந்து சேர அரை நாள் ஆகும். திரையில் வட்டம் சுற்றுவதை அவர் துறைமுகத்தில் நிற்பவர் போல அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக இலவசப் பாடம் ஓடியது. வாத்தியார் ஏதோ பெரிய நகரத்தில் ஒரு காபிக் கடை வைத்து, தினம் இத்தனை கப் என்று ஐந்து வருஷத்துக்கு ஓட்டிக் காட்டினார்.

“ஏம்மா, அஞ்சு வருஷத்துல இந்தக் கடைக்கு ஒரு நாள் கூடவா பால் வராம போகல?”

“அது சும்மா உதாரணம்ண்ணே.”

“உதாரணத்துல கூட வந்துக்கிட்டே இருக்கே. அதான் பாக்குறேன்.”

இருந்தாலும் பணம் கட்டச் சொன்னார். கட்டிய கையோடு, பணத்தைத் திருப்பிக் கேட்கும் ஃபாரத்தையும் நிரப்பி வைக்கச் சொன்னார். அகர் ஏழாம் நாள் நெட் இல்லாவிட்டால்? பிறகு சந்தேகம் கேட்கிற பெட்டியில் தன் கேள்வியைச் சொல்லச் சொல்ல, செல்வி இங்கிலீஷில் அடித்தாள்: பால் வராத நாளை எந்த வரிசையில் எழுதுவது?

நாலாம் நாள் ஒரு பதில் வந்தது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, இதைவிட உயர்ந்த கோர்ஸும் எங்களிடம் உண்டு என்று இருந்தது. அண்ணன் நோட்டில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். ஐந்தாம் நாள் நெட்டே இல்லை. நான் சவாரியை விட்டுவிட்டு சென்டர் வாசலிலேயே கிடந்தேன். ஆறாம் நாள் மத்தியானம் வாத்தியாரே எழுதியிருந்தார். பால் வராத நாட்களை ஷீட்டின் உச்சியில் தனிக் கட்டத்தில், நீல எழுத்தில் போடவேண்டும். சூத்திரத்துக்குள் ஒளித்து வைக்கக்கூடாது. அந்த ஒரு எண்ணை மாற்றினால் கீழே எல்லாம் மாறவேண்டும். தன் உதாரணத்தில் அதை விட்டது தன் தப்பு என்றும் எழுதியிருந்தார்.

அண்ணன் செல்வியை மூன்று தடவை படித்துச் சொல்லச் சொன்னார்.

“தப்புன்னு ஒத்துக்கிட்டான் பாரு, இவன்கிட்ட படிக்கலாம். ஃபாரத்த அழிச்சிரு.”

எனக்குத் தீர்ப்பை ஹோட்டலுக்குச் சாமான் கேட்டு எழுதுகிற இண்டெண்ட் தாளிலேயே எழுதிக் கொடுத்தார். பாடம் நன்று. விளம்பரத்தில் வேலைக்கு ‘உதவி’ என்றுதான் போட்டிருக்கிறது, வேலை என்று போடவில்லை. சர்டிஃபிகேட் சுவரில் மாட்டத்தான் ஆகும். தானாக ஒரு மாடல் போட்டுப் பார்க்காவிட்டால் எல்லாம் வீண்.

செல்வி தானாகப் போட்ட முதல் மாடல் அவருடைய ஸ்டோர் ரூம்தான். உச்சியில் நீலத்தில் ‘கப்பல் லேட்’ என்று ஒரு கட்டம். அதில் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டிவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

“அண்ணே, கப்பல் பத்து நாள் லேட்டானாலும் உங்ககிட்ட ஆறு மூட்டை உருளைக்கெழங்கு மிச்சம் நிக்குது. அதான் அழுகிப் போகுது.”

எத்தனையோ வருஷமாக அவர் கணக்கை யாரும் குறை சொன்னதில்லை. நோட்டில் உருளைக்கிழங்குப் பக்கத்தைப் புரட்டி ஒரு தடவை கூட்டிப் பார்த்தார். அப்புறம் நோட்டை மூடினார்.

“நீ பாஸ்,” என்றார்.

ஒன்றரை வருஷம் கழித்து அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. இன்டர்வியூவில் அந்த உருளைக்கிழங்கு ஷீட்டைத்தான் காட்டினாளாம். அவளைக் கப்பல் ஏற்ற ஹேடோ ஜெட்டிக்கு நாங்கள் போனபோது எங்களுக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். செல்வி கையில் போன் நம்பர் எழுதிய ஒரு சீட்டைத் திணித்தார்.

“அகர் வேலை பிடிக்கலைன்னா போன் பண்ணும்மா. இங்க நாங்க எல்லாம் இருக்கோம்.”

கப்பல் கிளம்பிப் போயிற்று. வழியனுப்ப வந்தவர்கள் கலைந்தார்கள். நான் ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணிவிட்டுக் கூப்பிட்டேன். அவர் கடலைவிட்டுத் திரும்பவில்லை.

“நீ போ தம்பி. அகர் இன்ஜின் கோளாறாகி ஜஹாஜ் திரும்பி வந்துட்டா? புள்ள தனியா எறங்கி நிக்கும்ல.”

நான் ஆட்டோவை அணைத்துவிட்டுப் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.