ரசமட்டத்துக்கு நான் எழுபத்தைந்து கிலோ

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவரைத்தான் ஜனங்கள் மூன்று முறை திருடன் என்று பிடித்தார்கள்.

சிங்காநல்லூரில் நான் குப்பை கொட்டிய மோட்டார் பம்ப் கம்பெனிக்கு ஒட்டினாற்போல் ஒரு கார் ஒர்க்‌ஷாப். அதன் முதலாளி, மெக்கானிக், வாட்ச்மேன் எல்லாம் அவரே. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, எங்களுக்கு அவர் ரசமட்டம். கொத்தனார் சுவர்மேல் வைத்துப் பார்ப்பாரே, நடுவில் ஒரு குமிழி ஓடுமே, அந்த ரசமட்டம் எந்நேரமும் அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும். பேக்கரியில் டீ வந்தால் நாமெல்லாம் குடிப்போம். அவர் முதலில் மேஜைமேல் மட்டம் வைப்பார். குமிழி ஓரமாக ஒதுங்கினால், மேஜைக் காலுக்கடியில் அட்டையை மடித்துச் செருகுவார். அதற்குள் டீ பச்சைத்தண்ணி ஆகியிருக்கும். அதை ரசித்துக் குடித்துவிட்டு, "இப்பத்தானுங்க டீ நேரா இருக்குது" என்பார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஓர் ஆசை. ஐந்து கை மாறி வந்த தன் சின்ன வெள்ளைக் காரை ரேஸ் காராக மாற்றி, ஊருக்குத் தெற்கே இருக்கும் ட்ராக்கில் ஒரு நாளாவது ஓட விட்டுப் பார்க்க வேண்டும். எட்டு வருஷம் உழைத்தார். பின் சீட்டைக் கழற்றி எறிந்தார், உள்ளே இரும்புக் கூண்டு வைத்தார், ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தரையோடு தாழ்த்தினார். ஒருவழியாக ட்ராக் வாசல் வரைக்கும் கொண்டுபோயும் விட்டார்.

அங்கே ஒரு விதி. காரைத் தாழ்த்தலாம்; ஆனால் கம்பெனியிலிருந்து வந்த உயரத்தைவிட நாற்பது மில்லிமீட்டருக்கு மேல் தாழ்த்தக் கூடாது. சோதனை செய்யும் தம்பி பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

"கம்பெனி உயரம் எவ்வளவுங்கண்ணா?"

முன்னால் நின்றவர்கள் எல்லோரும் வாய்க்கு வந்த நம்பரைச் சொல்லிவிட்டு உள்ளே போயிருந்தார்கள். ரசமட்டம் மட்டும், "தெரியாதுங்க" என்றார்.

"சும்மா ஏதாச்சும் சொல்லுங்கண்ணா, எழுதிக்கறேன்."

"தெரியாததை எப்படீங்க சொல்றது?"

காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். பின்னால் நின்ற ஆள் தலையில் அடித்துக்கொண்டதை, துணைக்குப் போயிருந்த நான் என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாளே தேடல் ஆரம்பம். காரோடு வந்த புத்தகத்தில் மொத்த உயரம்தான் இருந்தது. சக்கரத்துக்கு மேலே உடம்பு எவ்வளவு தூக்கி நிற்கும் என்பது இல்லை. அவர் காரின் பழைய ஸ்பிரிங்கையோ எந்தப் புண்ணியவானோ எப்போதோ வெட்டியிருந்தான். எனவே, அதே மாடல் கார் ஊரில் எங்கே நின்றாலும் டேப்போடு பக்கத்தில் குத்தவைத்துவிடுவார். முதலில் தரையிலிருந்து அளந்தார். பதினோரு காரில் பதினோரு நம்பர் வந்தது. காற்றும் டயர் தேய்மானமும் ஏமாற்றுகின்றன என்று கண்டுபிடித்து, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளக்க ஆரம்பித்தார். அப்போதும் பதினோரு நம்பர்தான். நம் ஊர் வேகத்தடைகளில் அடி தட்டாமலிருக்க, ஸ்பிரிங்குக்கு நடுவே ஆளாளுக்கு ரப்பரைத் திணித்து வண்டியைத் தூக்கி வைத்திருந்தார்கள்.

"கம்பெனி வெச்ச மாதிரி ஒரு வண்டி இல்லீங்கண்ணா இந்த ஊர்ல" என்று என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னார்.

திருட்டுப் பட்டம் விழுந்தது இந்தச் சமயத்தில்தான். ஒரு கல்யாண மண்டபத்தின் பார்க்கிங்கில், பட்டு வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் அவரைக் கையும் டேப்புமாகப் பிடித்தார்.

"ஏனுங்க, டயர் திருடறீங்களாங்க?"

கொங்கு நாட்டில் திருடனுக்கும் 'ங்க' உண்டு.

"இல்லீங்க, கம்பெனி உயரம் பார்க்கறனுங்க."

"அதை ஏனுங்க எங்க மச்சான் கார்ல வந்து தேடறீங்க?"

"எங்க கார்ல அது தொலைஞ்சுபோச்சுங்க."

பெரியவர் இரண்டு நிமிஷம் யோசித்தார். பிறகு பைத்தியம் என்று முடிவு செய்து, பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு அனுப்பினார். இரண்டாவது முறை ஆஸ்பத்திரி வாசலில். மூன்றாவது முறை போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே. அங்கே சாப்பாடு போடவில்லை. நான் போய்த்தான் அழைத்து வந்தேன்.

நான் இந்தக் கதைக்குள் வந்தது என் உடம்பால். எழுபத்தைந்து கிலோ ஆளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துத்தான் கம்பெனியில் அளப்பார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். ஒர்க்‌ஷாப் தராசில் பக்கத்து பேக்கரி வரை அத்தனை பேரையும் ஏற்றிப் பார்த்திருக்கிறார். நான் ஏறினேன், முள் எழுபத்தைந்தில் நின்றது. என் கல்யாணத்தில்கூட என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து என் வயிறு அவர் பொறுப்பு. "காலையில என்ன சாப்பிட்டீங்கண்ணா?" என்பார். "நாலு இட்லிங்க" என்றால் முகம் சுருங்கிவிடும். "ரெண்டுல நிறுத்தியிருக்கலாமுங்க." என் வீட்டுக்காரியே இத்தனை வருஷத்தில் அப்படிக் கேட்டதில்லை.

கடைசியில் துப்பு கிடைத்தது. துடியலூரில் ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா. அதே மாடல், புதிதாக வாங்கியது, கோயிலுக்கும் வீட்டுக்கும் தவிர ஓட்டியதில்லை, ரப்பர் வைக்கவில்லை. கடவுளைப் பார்க்கப் போவதுபோல் குளித்துவிட்டுப் போனோம். டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றி, ரசமட்டம் வைத்துச் சமதளம் பார்த்து நிறுத்தி, முன்னும் பின்னும் உருட்டி, என்னை உள்ளே உட்காரவைத்து அளந்தார். முகம் கறுத்தது.

"பின்னாடி உக்காந்திருக்குதுங்கண்ணா. இதுவும் போச்சு."

டிக்கியைத் திறந்தால், உள்ளே பழைய துணியில் சுற்றி ஒரு கிரைண்டர் கல். குழவியும் கூடவே.

"அது கல்லு கொத்தோணும்னு எடுத்து வெச்சது கண்ணு" என்றார் டீச்சரம்மா, காப்பி டம்ளரோடு வந்து.

"எப்பங்கம்மா வெச்சீங்க?"

"கார் வாங்குன மறுவாரம்."

இருவரும் சேர்ந்து கல்லை இறக்கினோம். இத்தனை வருஷம் கல் சுமந்த ஸ்பிரிங்குக்கு ஒரு வாரம் ஓய்வு வேண்டும் என்று ரசமட்டம் கண்டிப்பாகச் சொன்னார். அந்த ஒரு வாரத்தில் கல்லைக் கொத்திக்கொண்டு வந்தும் கொடுத்தார். மறுபடி அளந்தபோது அவர் வாயிலிருந்து வந்தது, பிறந்த பிள்ளைக்குப் பேர் சொல்வதுபோல் இருந்தது. "முன்னாடி முந்நூத்தி அம்பத்திரண்டுங்க."

அதில் நாற்பது போனால் முந்நூற்றுப் பன்னிரண்டு. அதற்குக் கீழே போகக் கூடாது. இம்மி பிசகாமல் முந்நூற்றுப் பன்னிரண்டில் காரை நிறுத்தினார்.

ட்ராக் நாள் வந்தது. அங்கே அவர் படிவத்தை நீட்டியபோதுதான் பார்த்தேன், டிரைவர் என்ற இடத்தில் என் பெயர்.

"ஏனுங்க, இதுல எதுக்குங்க என் பேரு?"

"நீங்கதானுங்களே எழுபத்தஞ்சு! நான் அம்பத்தொண்ணு. நான் உக்காந்தா உயரம் ஏறிக்குமுங்க. விதி விட்டாலும் அளவு தப்பிப்போகுமுங்க."

"எட்டு வருஷம் உழைச்சது நீங்க. நான் பெருந்துறை தாண்டிக் கார் ஓட்டுனதில்லீங்க!"

"வண்டி உங்களுக்குத்தானுங்கண்ணா சரியா நிக்கும்."

வாதாட நேரமில்லை. ஹெல்மெட் வாங்கி மாட்டிவிட்டார். நான் உள்ளே உட்கார, அதே சோதனைத் தம்பி அளந்தார். "முந்நூத்திப் பதிமூணு. பாஸ், உள்ள போங்க."

"இல்லீங்க" என்றார் ரசமட்டம். தரையில் மட்டத்தை வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது. "உங்க தரை சாஞ்சிருக்குதுங்க. இந்தப் பாஸ் செல்லாதுங்க."

தன் காரே பாஸானதற்கு ஆட்சேபம் தெரிவித்த மனிதரை அந்த ட்ராக் அதற்கு முன் பார்த்திருக்காது. சமதளம் தேடிக் காரைத் தள்ளிப்போய் மறுபடி அளந்தார்கள். முந்நூற்றுப் பதினொன்று. ஒரு மில்லிமீட்டர் குறைச்சல்.

ரசமட்டம் நிதானமாக என்னைப் பார்த்தார். "நேத்து எங்கீங்க போனீங்க?"

"ஒரு கல்யாணமுங்க." எனக்குத் தலை குனிந்தது. "கொஞ்சம் நல்லாவே சாப்பிட்டுப்போட்டேனுங்க."

எட்டு வருஷத்து ஆசையை நான் ஒரே பந்தியில் தின்று தீர்த்துவிட்டேனோ என்று உண்மையிலேயே நடுங்கிப் போனேன். ஷூவைக் கழற்றினேன். பெல்ட்டைக் கழற்றினேன். செல்போன், குடோன் சாவிக் கொத்து எல்லாம் வெளியே போயின. அளவு முந்நூற்றுப் பதினொன்றரைக்கு ஏறியது. பின்னால் வரிசையில் நின்றவர்களும் இறங்கி வந்து யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். "மோதிரத்தைக் கழட்டுங்கண்ணா." "கண்ணாடியுமுங்க." கண்ணாடியும் போனது. சோதனைத் தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "முந்நூத்திப் பன்னெண்டு!" வரிசை முழுக்கக் கைதட்டியது.

"இப்பக் கண்ணாடி போட்டா மறுபடியும்..." என்று ரசமட்டம் ஆரம்பித்தார்.

தம்பி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "அண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். போதுமுங்க."

கண்ணாடியையும் ஷூவையும் மாட்டிக்கொண்டு ஐந்து சுற்று ஓட்டினேன். என்னை முந்தாத வண்டி அங்கே இல்லை; பழுதான காரை இழுத்துப்போன வண்டிகூட ஹாரன் அடித்துவிட்டுத்தான் தாண்டியது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும், சுவரோரம் முழங்கால் போட்டுக் குனிந்து என் சக்கரத்தையும் மட்கார்டையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆளைப் பார்த்தேன். இறங்கி வந்தபோது கிரீஸ் துணியால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கரியாக இருந்தார்.

"அடுத்த வருஷம் நீங்க ஓட்டுங்க" என்றேன்.

"அதுக்கு அம்பத்தொரு கிலோவுக்கு முதல்ல இருந்து அளக்கோணுங்களே!" என்றார். அந்த நினைப்பிலேயே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

ஆனால் அளக்கவில்லை. இப்போது அவர் ஒர்க்‌ஷாப் பெருந்துறைக்குப் போய்விட்டது. வேகத்தடைக்குப் பயந்து காரை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோனார். போன வாரம் போனில் கேட்டேன், உங்கள் எடைக்கு மாற்றியாயிற்றா என்று. "எதுக்குங்கண்ணா மாத்தோணும்? அது உங்களுக்கு நிக்கற வண்டி. அப்படியே நிக்கட்டுமுங்க" என்றார்.

அதனால்தான் கல்யாண வீடுகளில் இரண்டாவது ஜாங்கிரி வரும்போது நான் இலையைக் கையால் மறைத்துக்கொள்கிறேன். எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது என்று வீட்டில் நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். அந்த மனிதர் எப்போது கூப்பிட்டாலும், நான் எழுபத்தைந்து கிலோவாகவே போய் நிற்க வேண்டும்.