பேரணாம்பட்டு பங்களாவில் ஏன் யாரும் சாகவில்லை

பேரணாம்பட்டு,
1934 மார்ச்சு 11.

மகா-ள-ள-ஸ்ரீ ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் முன்னாள் நிருபர் ஆதிகேசவன் அநேக நமஸ்காரம். இங்கு நானும் என் சிநேகிதர்களும் பூரண சுகம். இதைப் படித்துத் தங்களுக்கு மகிழ்ச்சி உண்டாகாது என்பது தெரியும். தாங்கள் கேட்ட தொடர் நாவலில் ஒருவராவது சாகவேண்டும் என்பது தங்கள் நிபந்தனை.

'பழைய சிநேகிதர்கள் தனி வீட்டில் கூடுகிறார்கள், ஒருவன் மனத்தில் கொலை இருக்கிறது, முதல் அத்தியாயம் மாதக் கடைசிக்குள் வராவிட்டால் பக்கங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்' என்று எழுதியிருந்தீர்கள். நான் கண்ணால் பார்க்காததை எழுதிப் பழகாதவன். ஆகவே பார்ப்பதற்கு ஏற்பாடு செய்தேன். என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் இருவர்: தோல் பதனிடும் ஷாப் முதலாளி அப்துல் வஹீத், ஓய்வுபெற்ற வாத்தியார் தேவசகாயம். வஹீதின் ஷாப் கழிவுநீர் பள்ளிக் கிணற்றுப் பக்கம் ஓடுகிறது என்று தேவசகாயம் கலெக்டருக்கு மனுப் போட்ட நாள் முதல் இருவருக்கும் பேச்சு இல்லை. வஹீதுக்கு மலையடிவாரத்தில் ஒரு பங்களா உண்டு. பக்கத்தில் தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழிகளின் நாற்றத்துக்குப் பயந்து சுற்றிலும் வேறு யாரும் வீடு கட்டவில்லை. வஹீத் மதராசில் இருக்கிறான் என்று தேவசகாயத்திடம் சொல்லி, அவனை அங்கே அழைத்துப் போனேன். வாசலில் வஹீத் நின்றான். பஸ்ஸோ போய்விட்டது; அடுத்த பஸ் வெள்ளிக்கிழமைதான்.

இருவரும் என் வழியாகவே பேசினார்கள். "ஆதி, கொழம்புல உப்பு கம்மின்னு அவன்கிட்ட சொல்லு" என்றான் தேவசகாயம். "கலெக்டருக்கு மனு போடச் சொல்லு, உப்பு வரும்" என்றான் வஹீத். பகை நன்றாக முற்றுகிறது என்று சந்தோஷப்பட்டு, ஒரு ஆளைச் சுண்ணாம்புக் குழியில் போட்டால் என்ன ஆகும் என்று வஹீதைத் தனியே விசாரித்தேன். "மயிர் உதிரும்டா. அந்த வாத்தியானுக்குத்தான் ஏற்கெனவே உதிர்ந்துட்டுதே, சுண்ணாம்பு தண்டம்" என்றான். நாவலுக்கு இது போதவில்லை.

மறுநாள் மத்தியானம் தேவசகாயம் குளித்துக்கொண்டிருந்தபோது, வஹீத் சமையல்காரி மஹ்பூபியிடம் உருதுவில், "மாஸ்டர் ஆனே தோ, தம் தோடேங்கே" என்று சொன்னது குளியலறையில் இருந்த தேவசகாயத்தின் காதில் விழுந்தது. அவன் முன்ஷியிடம் முறையாக உருது படித்தவன். மாஸ்டர் வரட்டும் என்பது முதல் பாதி. தம் என்றால் மூச்சு, தோட்னா என்றால் முறிப்பது, இரண்டும் சேர்ந்தால் மரணம். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. கேட்க வேண்டியதில்லை ஐயா, எனக்கு எவ்வளவு ஆனந்தம்! பென்சிலும் கையுமாகக் கதவோரம் நின்றுவிட்டேன்.

வஹீத் வந்து கதவைத் தட்டினான். "டேய் சகாயம், வெளிய வாடா, ஆறிப்போவுது!"

"இன்னாடா ஆறுது? மனு போட்டதுக்கு உயிரயா எடுப்ப? எனக்கு உருது தெரியாதுன்னு நெனச்சியா?"

"தோஸ்த், உன்ன கொல்லணும்னா அன்னைக்கே கொன்னிருப்பேன். இத்தன வருஷம் நீ பேசலையே, அதுலயே நான் பாதி செத்துட்டேன்டா!"

மஹ்பூபிக்குப் பொறுக்கவில்லை. "வாத்தியாரே, பிரியாணி தேக்சா வாயில மாவு ஒட்டி ஆவிய அடைச்சிருக்கேன். அத ஒடைச்சி மூடியத் தெறக்கறதுதான் தம் ஒடைக்கறது. நீங்க வந்தாதான் ஒடைப்பேன்னு முதலாளி ஒக்காந்திருக்காரு. எனக்கும் பசிக்குது!"

தாழ்ப்பாள் திறந்தது. ஈர வேட்டியோடு வந்தவனை வஹீத் அப்படியே கட்டிக்கொண்டான். "கெணத்துப் பக்கம் வாய்க்காலை மூடிட்டேன்டா, போன வருஷமே. உனக்கு யாருடா வந்து சொல்றது?" ஒரே சஹன் தட்டில் இருவரும் சாப்பிட்டார்கள். எலும்புத் துண்டுக்குக்கூடச் சண்டை வரவில்லை. எவ்வளவோ பார்த்தேன்.

ஆகையால் கொலை இல்லை, நாவலும் இல்லை. பக்கங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடவும். தங்கள் பத்திரிகை நீடூழி வளரவும், தங்கள் குடும்பத்தார் க்ஷேமமாக இருக்கவும் பிரார்த்திக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் விசுவாசமுள்ள
ஆதிகேசவன்

பி.கு.: மேலே கண்டதை ரத்து செய்யவும். கடிதத்தை உரக்கப் படித்தபோது இருவரும் என்மேல் பாய்ந்தார்கள். "ஒரு பொணம் கெடைக்கலன்னு பொழப்ப விடுவியாடா?" என்றான் தேவசகாயம். "நான் தர்றேன் ஒரு பொணம்" என்றான் வஹீத். முதல் அத்தியாயம் இத்துடன் வருகிறது. அதில் சாகிறவர் ஒரு பத்திரிகை ஆசிரியர். மன்னிக்கவும், இத்தனை வருஷத்துக்குப் பிறகு இருவரும் ஒருமனதாக எடுத்த முதல் முடிவு இது, மறுக்க எனக்கு மனம் வரவில்லை.