தலைமை விருந்தினருக்கு மூன்று வயது கூட்டினேன்

‘ஞாயிறு. காட்டுப் பள்ளிக்கூடத்தின் பொன்விழா. கண்காட்சி சிறப்பு. என் உரை ஆறு நிமிடம். கைதட்டல் இல்லை.’

அன்றைக்கு என் குறிப்பேட்டில் நான் எழுதியது இவ்வளவுதான். கல்லில் எண் ஏதாவது கண்ணில் பட்டால், பஸ்ஸைத் தவறவிட்டாவது படி எடுக்கிற ரகம் நான். சரியான தேதியைச் சொன்னால் மனிதர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று இருபத்தெட்டு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் பாதியில் இறங்கி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே நடந்தால் அந்த ஊர் வரும். நிலமில்லாத குடும்பங்கள் முள்ளுக்காட்டை வெட்டிக் குடியேறிய இடம். வந்ததும் கிணறு வெட்டி, வருஷத்தைக் கல்லில் பொறித்தார்கள். மூன்று வருஷம் கழித்துத் தாங்களே மண் குழைத்துச் சுவர் எழுப்பி, ஓடு போட்டு, ஒரே ஓர் அறையில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். ஐந்து வகுப்புகள், நான்கு மூலைகள். ஐந்தாம் வகுப்புக்கு வாசற்படி.

ஒரே வாத்தியார். திண்டிவனத்திலிருந்து சைக்கிளில் வருவார். காடு வெட்டிய அவசரத்தில் பிள்ளை பிறந்த நாளை யார் குறித்து வைத்தார்கள்? வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது. மீசை அரும்புகிற பயல் தொட்டாலும் ஐந்து வயதுதான். பிறந்த தேதி ஜூன் ஒன்று. இப்படியாக முதல் வகுப்பு முழுவதும் ஒரே நாளில் பிறந்தது. (பிரசவம் பார்த்த அம்மாவுக்கு அன்று சாப்பிட நேரம் இருந்திருக்காது.)

அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் ராமலிங்கம். விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் பெரிய நாற்காலியில் இருந்தார். ஓய்வுபெற மூன்று வருஷம் பாக்கி. அவர் மகள் தேன்மொழிக்கு என்னைப் பிடித்திருந்தது. அவருக்கு என் சம்பளம் பிடித்திருந்தது. மற்ற அம்சங்களைப் பரிசீலித்துக்கொண்டிருந்தார். “பொன்விழா முடியட்டும், சொல்றேன்” என்றார். விழாவுக்கு அவர்தான் தலைமை விருந்தினர். கண்காட்சிப் பொறுப்பை நான் பாய்ந்து ஏற்றுக்கொண்டேன்.

தகவல் கேட்டுப் போனபோது அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: “காடு வெட்ட வந்தப்ப வண்டி ஏது தம்பி? மரக்காணத்துப் பக்கத்துலேர்ந்து பத்து மைலு நடந்துக்கினே வந்தேன். தலைல பானை, அதுல கேப்பங்கூழு. ஒரு சொட்டு சிந்தல.”

அந்த ஊரில் நடந்து வந்தவர்களுக்கு ஒரு மரியாதை. இடுப்பில் வந்தவர்களுக்கு ஒரு படி குறைச்சல்.

அறைக்குத் திரும்பிக் கிணற்றுக் கல்லின் வருஷத்தையும் அவருடைய பிறந்த வருஷத்தையும் அருகருகே எழுதினேன். அரசாங்கக் கணக்குப்படி, பானை சுமந்தபோது ஐயாவுக்கு வயது இரண்டு.

புத்தியுள்ளவன் இந்த இடத்தில் நோட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். எனக்கோ ஒரே ஆனந்தம். காணாமல் போன வயதைக் கண்டுபிடித்து மேடையில் பரிசாகக் கொடுத்தால், எந்தத் தகப்பன் பெண் தரமாட்டான்?

விழாவில் முன்வரிசை முழுக்க அவருடைய அலுவலகத்தார். நடுவில் கோதண்டம், அந்தப் பெரிய நாற்காலிக்கு அடுத்த வாரிசு. நான் குச்சியால் வரைபடத்தைத் தட்டி முழங்கினேன்: “இரண்டு வயதுக் குழந்தை கூழ் சிந்தாமல் பத்து மைல் நடக்குமா? நடக்காது. குறைந்தது ஐந்து வயது இருந்திருக்க வேண்டும். ஆகவே ஐயாவின் உண்மையான வயது ஐம்பத்தைந்து அல்ல, ஐம்பத்தெட்டு!”

கைதட்டலுக்காக நிறுத்தினேன். (ஐம்பத்தெட்டுதான் அப்போது ஓய்வு வயது. எனக்கும் தெரியும். மேடையில் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.)

கோதண்டம் பேனா மூடியைக் கழற்றினார். “தம்பி, அந்தக் கல்லு எங்க கீதுன்னு சொன்னீங்க?”

நான் பதில் சொல்வதற்குள் ராமலிங்கத்தோடு அதே முதல் வகுப்பில் படித்த அஞ்சலை எழுந்துவிட்டார். “எனக்கும் மூணு கூட்டிப் போடு தம்பி! முதியோர் பணம் கேட்டா வயசு பத்தலன்றாங்க. இவன் என்னா நடந்து வந்தான்? நாந்தான் இடுப்புல தூக்கிக்கினு வந்தேன். வழியெல்லாம் அழுதுக்கினே வந்தான்!”

“யாரு யாரத் தூக்கிக்கினு வந்தது? நான் நடந்துதான் வந்தேன்!” என்று ராமலிங்கம் மைக்கிலேயே கத்தினார். என் ஆய்வுக்கு அவரே சாட்சி சொன்னார். கோதண்டம் அதையும் எழுதிக்கொண்டார்.

தேன்மொழி மேடையேறினாள். என் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கினாள். (என்மேல் விழும் என்றுதான் நினைத்தேன்.) அப்பாவின் முன்னால் நின்று நிதானமாகக் கேட்டாள்: “அப்பா, ஜல்தியா பதில் சொல்லாதே. நல்லா யோசிச்சு சொல்லு. நடந்து வந்தியா, அஞ்சலை அத்தை தூக்கிக்கினு வந்தாங்களா?”

அவர் கோதண்டத்தின் பேனாவைப் பார்த்தார். அஞ்சலையைப் பார்த்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

“தூக்கிக்கினுதான் வந்தாங்க” என்றார். அந்தக் குரலுக்கு மைக் இருந்தும் பயனில்லை.

“கூழு?” என்றார் அஞ்சலை.

“அதையும் நீதான் தூக்கினு வந்த. வுடேன்!”

சாயங்காலம் பந்தல் பிரிக்கும்போது என்னைத் தனியே கூப்பிட்டார். “பொண்ணக் குடுக்கறேன். வெளிய வுட்டா நீ எந்நேரமும் என் வயசக் கணக்குப் போட்டுக்கினு திரிவே, பேஜாரு. வூட்டுக்குள்ள இருந்தா ஒரு கண்ணு வெச்சுக்கலாம்.” எனக்குக் கல்யாணம் நடந்தது இந்தத் தகுதியில்தான்.

மூன்று வருஷமும் அவர் இடுப்பில் வந்தவராகவே நாற்காலியில் இருந்தார். ஓய்வுபெற்ற அன்று, ஆணை கைக்கு வந்து, மாலை கழுத்தில் விழுந்த மறுநிமிடம் மைக்கைப் பிடித்தார்: “எல்லாரும் கேட்டுக்கோங்க. நான் நடந்துதான் வந்தேன்!” கோதண்டம் எழுந்து வெளியே போய்விட்டார். அஞ்சலைக்கு மட்டும் அந்த மூன்று வயதை எந்த அலுவலகமும் இதுவரை கூட்டித் தரவில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், செருப்பைக் கழற்றுவதற்குள் தேன்மொழி கேட்பாள்: “நடந்து வந்தீங்களா, தூக்கிக்கினு வந்தாங்களா?”

அந்த ஒற்றை அறையில் முதல் வகுப்பு மாணவர்களின் படங்களை நான்தான் மாட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றின் கீழும் பெயர், வேலை, ஊருக்கு வந்த விதம். ராமலிங்கம் படத்தின் கீழே மூன்றாவது வரி இப்படி இருக்கிறது: ‘நடந்தா, இடுப்பிலா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.’