நாற்காலி அண்ணன் காலி செய்த வீடு

பினாங்கில் நாற்காலி அண்ணன் குடியிருக்காத தெரு கிடையாது. மாதம் முழுக்கக் குடியிருந்த தெருவும் கிடையாது. தையல்காரர், தனிக்கட்டை. சொத்து என்று ஒரு தையல் இயந்திரமும், யானை உட்கார்ந்தாலும் அசையாத ஒரு தேக்கு நாற்காலியும். வீடு மாறும்போதெல்லாம் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளியவன் நான்தான். நினைத்தால் இன்றைக்கும் இடுப்பு வலிக்கிறது.

ஒரு வீட்டில் சேவல் அகாலத்தில் கூவியது. இன்னொன்றில் கடல் இரைச்சல். சூலியா தெருவில் நான் இருந்த ஆண்கள் விடுதியில் ஒரே ஓர் இரவு தங்கினார்.

"என்ன குறட்டை தம்பி இது! மரம் அறுக்கிற எடம்லா! செத்தாலும் இந்தப் பக்கம் வரமாட்டேன்."

மாத நடுவில் காலி செய்கிறவர் ஒரு மாற்றாளைக் குடிவைத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்பது அங்கே வழக்கம். அண்ணன் அதற்கெல்லாம் அசரமாட்டார். கப்பல் துறையில் பெட்டியோடு நிற்பவர்களைப் பேசியே அழைத்து வந்துவிடுவார். ஒருமுறை அப்படி வந்தவர் ஊருக்குத் திரும்பக் காத்திருந்தவராம். பாவம், கப்பல் போயே போய்விட்டது.

கடைசியில் சுங்கை பினாங்கில் ஒரு வீடு அமைந்தது. தனிச் சமையலறை, கிணறு, ஜன்னல் நிறையக் காற்று. அண்ணன் சுவரில் ஆணி அடித்துச் சட்டையை மாட்டினார். எந்த வீட்டிலும் அவர் ஆணி அடித்ததில்லை. அப்பாடா, என் இடுப்பு பிழைத்தது என்று நினைத்தேன்.

அந்தச் சமயம் பார்த்து, என் மனைவி கைக்குழந்தையோடு கப்பல் ஏறிவிட்டாள் என்று தந்தி வந்தது. விடுதியில் பெண்களுக்கு இடமில்லை. வேலை விட்டதும் தெருத் தெருவாக வீடு தேடி அலைந்தேன். குழந்தை அழும் என்று எல்லாரும் கையை விரித்தார்கள். கப்பல் வருவதற்கு முந்தின நாள், கால் ஓய்ந்துபோய் அண்ணனிடம் புலம்பினேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"தம்பி, வண்டியக் கொண்டா. இந்த வீடு சரிப்படாது."

"ஐயோ அண்ணே, மறுபடியுமா? இதுல என்ன குறை?"

"காத்து ரொம்ப அடிக்குதுலா. மனுசன் தூங்குறதா வேணாமா?"

"மாத்தாளுக்கு இப்ப எங்க போவீங்க?"

"நீ எதுக்கு இருக்க? நாளைக்குத் தங்கச்சியக் கூட்டிட்டு நேரா இங்க வா."

நாற்காலியையும் இயந்திரத்தையும் ஏற்றினேன். வண்டியைத் தள்ளினேன். "நீங்க எங்கண்ணே போறீங்க?" என்று பாதி வழியில் கேட்டேன்.

"சூலியா தெருவுல உன் கட்டில் காலிதானே?"

விடுதி மாடிப்படியில் நாற்காலி ஏற மாட்டேன் என்றது. "திருப்பிக் கொண்டு போ. புள்ளைக்குப் பால் குடுக்க தங்கச்சிக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு அவர் மேலே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அண்ணன் இடம் மாறவே இல்லை. அந்தக் குறட்டைக் கூட்டத்தில் எப்படித்தான் தூங்கினாரோ, பாவி மனிதர்.