வால்ட்டரின் ஆறு ரவைகள்

எங்கள் ஊர்த் துப்பாக்கிச் சுடுசங்கத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிவேட்டில், மே மாதத்தின் கடைசிச் சனிக்கிழமைக்கு எதிரே ஜெர்மன் மொழியில் இப்படி எழுதியிருக்கிறது: "மூன்றாம் தடத்தில் ஆயுதக் கோளாறு. சுடுதல் ஐம்பது நிமிடம் நிறுத்தப்பட்டது." அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். அதில் இரண்டு பிழைகள். ஆயுதத்தில் ஒரு கோளாறும் இருக்கவில்லை. கோளாறு அதைப் பிடித்திருந்த ஆளிடம் இருந்தது. இரண்டாவது, நிறுத்தம் ஐம்பத்துநான்கு நிமிடம். (அந்த நேரம் முழுவதும் நான் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது? எங்கே பார்த்தாலும் ஒரு முகம் இருந்தது.)

பெர்னிலிருந்து ஃப்ரிபூர்க் போகும் வழியில், ரயிலில் இருபது நிமிடத்தில் வரும் சிற்றூர் எங்களுடையது. நான் அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தேன். இலங்கையில் இருந்தவரை, துவக்கு (துப்பாக்கியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் எதிர்ப்பக்கமாக ஓடியவன் நான். 2009 மே மாதத்துக்குப் பிறகு தொலைக்காட்சியில் வெடிச் சத்தம் கேட்டாலும் ஒலியைக் குறைத்துவிடுவேன். அப்படிப்பட்டவன் நாற்பத்திரண்டு வயதில் சந்தா கட்டிச் சுடுசங்கத்தில் சேர்ந்தேன்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனீங்கள். இப்ப காசு குடுத்துத் தேடிப் போறியளோ?" என்றாள் என் மனைவி வதனி.

"இது விளையாட்டப்பா."

"அங்கயும் அப்பிடித்தான் துவங்கினது."

உண்மையில் நான் போனது அவளுக்காகத்தான். எனக்கு 2012இல் சுவிஸ் கடவுச்சீட்டு கிடைத்துவிட்டது. பிந்தி வந்த வதனியின் விண்ணப்பம் தனியாக ஊர்ந்துகொண்டிருந்தது. அவளிடம் இருந்தது அகதிகளுக்கான பயணப் பத்திரம். இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் அது செல்லும். அவளுக்குப் போக வேண்டியிருந்ததோ இலங்கைக்கு மட்டும். கரவெட்டியில் அவளுடைய ஐயாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் இரண்டு நாள் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். கடவுச்சீட்டு வந்தால் அவரைப் பார்க்கலாம். பிந்தினால் பார்க்க முடியாது. கணக்கு அவ்வளவு எளிது.

கடவுச்சீட்டுக்கு முதலில் ஊராட்சியின் குடியுரிமைக் குழு சம்மதிக்க வேண்டும். அந்தக் குழுவின் ஐந்து பேரில் ஒருவர் ஹெர் லூதி. அவரே சுடுசங்கத்தின் தலைவர். இலங்கைக் குடியுரிமை உள்ளவர் இந்த நாட்டில் துவக்கைத் தொடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. நாடுகளின் பட்டியலில் எங்கள் நாடும் உண்டு. ஆகவே எங்கள் வீட்டில் சுடத் தகுதியுள்ளவன் நான் ஒருவனே. மே மாதம் ஊரே வந்து சுடும் நாளில் நல்ல புள்ளி எடுத்தால், சட்டையில் குத்தும் சின்னப் பதக்கம் ஒன்றைத் தலைவர் கையாலேயே தருவார். நவம்பரில் வதனியின் கோப்பைத் திறக்கும்போது அந்தச் சட்டை அவருக்கு நினைவு வரும். (இதைத் திட்டம் என்று அப்போது நம்பினேன்.)

நான் எதையும் படிக்காமல் தொடங்குபவன் அல்லன். அந்தக் குளிர்காலம் முழுவதும் நூலகத்திலும் இணையத்திலும் துவக்கில் போடும் ரவைகளைப் பற்றிப் படித்தேன். பெரிய போட்டியாளர்கள் கடை ரவையைத் தொடுவதில்லை, சுட்ட ரவைகளின் வெற்றுக் கோதுகளைச் சேர்த்து, வெடிமருந்தைத் தராசில் நிறுத்து, கையாலேயே செய்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. இது எனக்குத் தெரிந்த விசயம்! எங்கள் வீட்டில் கடைத்தூளில் கறி வைத்தது கிடையாது. மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் வதனி வீட்டில் வறுத்து, திரித்து, போத்தலில் திகதி ஒட்டி வைப்பாள். கையால் செய்தது கடையில் வாங்கியதை வெல்லும் என்பதை எனக்கு எந்த சுவிஸ்காரரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினொரு பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்று போட்டேன். அப்போது நான் மொத்தம் நாற்பது ரவைகூடச் சுட்டிருக்கவில்லை.

சங்கத்தில் கையால் ரவை செய்பவர் வால்ட்டர், ஓய்வுபெற்ற தபால்காரர். எந்த ரவையைத் தெரிவுசெய்வது என்று அட்டவணையோடு போய்க் கேட்டேன். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"சிவா, தொடக்கத்தில் ஒரு ரவைதான் இருக்கிறது. சங்கம் தருவது. இரண்டு வருடம் அதைச் சுடு. பிறகு வா."

என் முகம் வாடியதைக் கண்டு மனமிரங்கி, ஒரு புதன்கிழமைப் பயிற்சியில் தன் சொந்தத் துவக்கையும் தான் செய்த இருபது ரவைகளையும் தந்தார். சுட்ட பதினான்கில் ஐந்து இலக்கின் நடுவில் விழுந்து பத்துப் புள்ளி. மற்றவை பெரும்பாலும் ஒன்பது. அதற்கு முன் நான் ஒரு நாளில் ஐந்து தடவை பத்து கண்டதில்லை. இலக்கைப் பார்க்கும் அந்த அருமையான கண்ணாடி, பஞ்சுபோல் நழுவும் விசை, பக்கத்தில் குப்புறப் படுத்து "மூச்சு விடு, மூச்சு விடு" என்று சொல்லிக்கொண்டிருந்த வால்ட்டர் ஆகிய மூன்றையும் விட்டுவிட்டு, புகழ் முழுவதையும் ரவைக்குக் கொடுத்தேன். மிச்சம் ஆறையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பெட்டியை மூடும்போது வால்ட்டர் ஏதோ சொன்னார். நான் திகதி எழுதிக்கொண்டிருந்ததால் சரியாகக் கேட்கவில்லை.

போட்டி நாள் வந்தது. வதனி விடிய எழும்பி இருநூறு ரோல்ஸ் பொரித்து, சங்கத்தின் சாப்பாட்டுக் கூடாரத்தில் நின்றாள். ஊர்ப் பெண்கள் அவளிடம் செய்முறை கேட்டார்கள். ஹெர் லூதி மூன்றாவது ரோலோடு நின்று, "வதனி, நீங்கள் இல்லாமல் இனி விழாவே இல்லை" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அந்த நிமிடத்தில் நான் வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

மூன்றாம் தடத்தில் சங்கத்தின் இரவல் துவக்கோடு படுத்தேன். அன்று சங்கம் எண்ணித் தரும் ரவையை மட்டுமே சுடலாம் என்பது விதி. அது சுவரில் ஒட்டியிருந்தது. (சுவரில் ஒட்டிய விதிகள் படிக்காதவர்களுக்கானவை என்று நினைத்தேன்.) முதலாவதாக வால்ட்டரின் ரவையைப் போட்டு, பிடியை முன்னே தள்ளினேன். பாதியில் நின்றது. சங்க ரவை வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், இது போகவில்லை. கையால் செய்த சாமான் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும் என்று எண்ணி, உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். இன்னும் கொஞ்சம் போய், ஒரேயடியாக இறுகிவிட்டது. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. உள்ளே உயிருள்ள ரவை.

கையை உயர்த்தினேன். "நிறுத்து!" என்று ஒருவர் கத்தினார். பன்னிரண்டு தடங்களும் அமைதியாயின. எல்லோரும் துவக்குகளை வைத்துவிட்டுப் பின்னால் போக, பக்கத்து ஊரிலிருந்து துவக்கு திருத்துபவரைக் கூப்பிட்டார்கள். அவர் மகளின் பிறந்தநாள் விருந்திலிருந்து, தலையில் காகிதத் தொப்பியோடு வந்தார். ரவையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "இது யாருடையது?" என்றார்.

வால்ட்டர் முன்னால் வந்தார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "என் துவக்கில் சுட்ட கோதுகள், சிவா. அதில் ரவை போய் உட்காரும் அறையின் அளவுக்கு விரிந்தவை. வேறு துவக்குக்கு ஆகாது என்று சொன்னேனே."

அடுத்து சுடவிருந்தவர் ஹெர் லூதி. காது மூடியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அந்த ஐம்பத்துநான்கு நிமிடமும் அங்கேயே நின்றார். அதுவரை என்னைச் சிவா என்றவர், முடிவில் மிக மரியாதையாக, "ஹெர் சிவராசா, சுவரில் ஒட்டியிருப்பதை வாசிக்க முடிந்ததா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் வதனி வெறும் ரோல்ஸ் தட்டை மடியில் வைத்திருந்தாள். நான் கறித்தூள் நியாயத்தைச் சொன்னேன்.

"என்ர தூளை ஆராவது தங்கட கேக்குக்குப் போடுவினமோ?" என்றாள். 

நவம்பரில் குழு அவளை விசாரித்தது. ஏரிகளின் பெயர், குப்பை பிரிக்கும் நாள், ஊர்த் தலைவரின் பெயர், எல்லாம் சொன்னாள். "துவக்கைப் பற்றிக் கேட்டவையோ?" என்றேன். "ஒருத்தரும் கேக்கேல்லை. லூதி மட்டும் பேனையைத் திறந்து திறந்து மூடினார்." டிசம்பரில் கடிதம் வந்தது: பெரும்பான்மை முடிவின்படி விண்ணப்பம் ஒரு வருடம் தள்ளிவைக்கப்படுகிறது, ஊரின் வழக்கங்களோடு குடும்பம் மேலும் பழக வேண்டும்.

அடுத்த மார்ச்சில் ஐயா போய்விட்டார். வதனி சமையலறை மேசையில் ஸ்கைப்பில், ஐயாவின் உடல் சுடலைக்குப் புறப்பட்டதைப் பார்த்தாள். படம் இரண்டு தரம் உறைந்து நின்றது. கடவுச்சீட்டு 2016இல் வந்தது. அதைக் கொண்டு அவள் முதலில் போன நாடு இத்தாலி.

எங்கள் மகள் ஆரணிக்கு இப்போது இருபது. நான் அளவு பிழைத்த காற்சட்டை வாங்கி வந்தாலும், பொருந்தாத மூடி ஒன்றைத் திருகிக்கொண்டு நின்றாலும், "அப்பா, இது ஆரின்ர துவக்குக்குச் செய்தது?" என்பாள். பெர்னின் பூம்ப்ளிஸ் பகுதியிலிருந்து வரும் உறவினர்களும் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். நானும் சிரிப்பேன். வதனி அந்த நேரத்தில் தேத்தண்ணீர் போட எழும்பிப் போய்விடுவாள்.

2019இல் ஒரு சனிக்கிழமை, கடையில் காசு கட்டும் வரிசையில் ஹெர் லூதி எனக்கு முன்னால் நின்றார். குழுவிலிருந்து விலகியிருந்தார். திரும்பி, நான் கேட்காமலே, "அன்று நான் உங்கள் மனைவிக்கு ஆதரவாகத்தான் கை தூக்கினேன்" என்றார். வதனி நம்புகிறாள். கடிதத்தில் யார் எப்படி வாக்களித்தார் என்று இல்லை. குழுவின் நடவடிக்கைக் குறிப்பு மூடிய ஆவணம். இரண்டு தரம் எழுதிக் கேட்டேன், இரண்டு தரமும் மறுத்துவிட்டார்கள். மற்ற நால்வரில் இருவர் இப்போது உயிரோடு இல்லை. அவர் சொன்னது உண்மையா என்பதை என்னால் இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.